பந்தயம் விட்ட குதிரையை மட்டக்களப்பில் வளர்க்க: முழுமையான வழிகாட்டி

நுவரெலியாவில் சித்திரைப் பந்தயங்கள் முடிந்ததும் சில குதிரைகளுக்கு அடுத்த பருவம் இல்லை என்று முடிவாகிவிடும். வேகம் குறைந்திருக்கும், காலில் பழுது இருக்கும், அல்லது உரிமையாளருக்கு இனித் தீன் போட மனம் இருக்காது. இனாமாகவோ சிறு விலைக்கோ எடுக்கலாம் என்று கேள்விப்பட்டதும் நம் பக்கத்து ஆக்கள் செய்யும் முதல் வேலை லொறி பிடிப்பது. உண்மையில் அது எட்டாவது வேலை.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மாடும் எருமையும் வளர்த்துத் தேர்ந்த கைகள் நிறைய உண்டு. அந்தப் பழக்கம் உதவும், ஆனால் குதிரையைக் கொல்வதும் பல நேரம் அதே பழக்கம்தான். புதியவர்கள் விடும் தவறுகளில் பெரும்பாலானவை மாட்டுக்குச் சரியானதைக் குதிரைக்கும் செய்யப்போய் வந்தவை. ஒவ்வொரு படியிலும் அதைச் சொல்கிறேன்.

1. முதலில் மிருக வைத்தியரைப் பாருங்கள்

நம் பகுதி வைத்தியர்கள் அன்றாடம் பார்ப்பது மாடு, ஆடு, கோழி, நாய். குதிரைக்கு மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டுப் பழகியவர் உங்கள் பிரிவில் இல்லாமல் இருக்கலாம். குதிரை வருமுன்னரே போய், இரவில் வயிற்றுக் குத்து என்று அழைத்தால் வருவாரா, அந்தக் குழாயும் வலி மருந்தும் கைவசம் உண்டா என்று கேளுங்கள்.

இதை முதலில் வைக்கக் காரணம் உண்டு. குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. வயிற்றில் வாயுவோ அடைப்போ வந்தால் மேல்வழியாக வெளியேற இடமில்லை, சில மணி நேரத்தில் நிலைமை கைமீறும். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் பீடத்தின் போதனா வைத்தியசாலைத் தொலைபேசி இலக்கத்தையும் எடுத்து வையுங்கள். அங்கே கொண்டுபோக நேரம் போதாவிட்டாலும் உங்கள் வைத்தியர் அங்குள்ளவர்களிடம் கேட்டுச் செய்யலாம்.

அதே சந்திப்பில் இரண்டு தடுப்பூசிகளைப் பற்றிக் கதையுங்கள். ஒன்று ஏற்பு வலி. சிறு ஆணிக் காயம் போதும், வளர்ப்பு விலங்குகளில் இந்த நோய்க்கு மிக எளிதில் ஆளாவது குதிரை. மற்றது விசர்நாய்க்கடி. மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுவர என்ன கடிதம் வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வீதிச் சோதனையில் நின்றுகொண்டு கேட்கக் கூடாது.

அடுத்தது குளம்பு. ஐந்து ஆறு கிழமைக்கு ஒருமுறை சீவ வேண்டும். லாடம் அடிக்கத் தெரிந்தவர் நம் பக்கம் அரிது. பந்தயத்துக்கு அடிக்கும் மெல்லிய அலுமினிய லாடத்தை லாயத்திலேயே கழற்றச் சொல்லி, ஆணித் துளைகள் வளர்ந்து போகும்வரை மென்தரையில் வைத்து, வெறும் குளம்போடு பழக்குவதே நமக்குத் தோது. அரம் பிடித்து ஓரம் உருட்டும் வேலையை லாயத்தில் உள்ளவரிடம் நேரில் பார்த்துப் பழகுங்கள்.

2. நிலமும் வேலியும்

மேட்டு நிலம் வேண்டும். வட்டையை, அதாவது வயல்வெளியை, ஒட்டிய காணி கோடையில் அழகாகத்தான் இருக்கும். கடந்த மாரியில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அயல்வீட்டாரிடம் கேட்டு, அந்தக் கோட்டுக்கு மேலே கொட்டில் போடுங்கள். ஒரு குதிரைக்கு ஓர் ஏக்கர் கிடைத்தால் நல்லது. குறைந்தால் புல் வெட்டிப் போடும் வேலை கூடும், அவ்வளவுதான்.

முட்கம்பியைக் கழற்றுங்கள். இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. மாடு கம்பியில் பட்டால் நின்றுவிடும் அல்லது பின்வாங்கும். பந்தயக் குதிரை வெருண்டால் முன்னால்தான் பாயும், அதன் தோலும் மெல்லியது. காலைக் கம்பிக்குள் விட்டு இழுத்தால் தசைநாண் வரை கிழியும். மரச் சட்டம் சிறந்தது. முடியாவிட்டால் முள்ளில்லாத கம்பி போட்டு, கண்ணுக்குத் தெரிய வெள்ளை நாடா கட்டுங்கள். பெரிய காணிக்குள் சிறிய அடைப்பு ஒன்றும் வேண்டும், அது ஏன் என்று ஒன்பதாம் பகுதியில் வரும்.

கொட்டில் 12 அடிக்கு 12 அடி. கூரைக்குக் கிடுகு, தகரம் வேண்டாம். தகரத்தின் கீழ் ஆனி ஆவணியில் மனிதனே நிற்க முடியாது. வாடை அடிக்கும் வடகிழக்குப் பக்கம் மட்டும் மறைப்பு, மற்றப் பக்கங்கள் திறந்திருக்கட்டும். கிடுகைத் தலை எட்டாத உயரத்தில் கட்டுங்கள், எட்டினால் இழுத்துத் தின்னும்.

வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் காணி உள்ளவர்கள் நெல்லையும் உப்பையும் கொட்டிலோடு சேர்த்து வைக்காதீர்கள். யானை அதைத் தேடி வரும், வரும்போது குதிரை உள்ளே கட்டுண்டு நிற்கும்.

கிணற்று நீரைக் கோடையின் கடைசியில் சுவைத்துப் பாருங்கள். வாவியோரக் கிணறுகள் அப்போது உவர்க்கும். ஒரு குதிரை நாளொன்றுக்கு 30 முதல் 50 லீற்றர் குடிக்கும், வெக்கை நாளில் அதற்கும் மேல். உவர்நீரை அது குறைத்துக் குடிக்கும், குறைத்துக் குடித்தால் குடலில் தீன் இறுகும்.

3. தீன்: தவிடும் கினிப்புல்லும் செய்யும் வேலை

முதலில் எடையைக் கணியுங்கள். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிய அளவைச் சென்ரிமீற்றரில் எடுத்து அதை அதனாலேயே பெருக்குங்கள். பிறகு தோள்முனையிலிருந்து பின்புட்ட முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுங்கள். மார்பு 180, நீளம் 165 என்றால் எடை 450 கிலோ.

எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்ந்த தீன் ஒரு நாளைக்கு வேண்டும். 450 கிலோ குதிரைக்கு 9 கிலோ. பச்சைப் புல்லில் பெரும்பகுதி நீர் என்பதால் அது ஏறத்தாழ 40 கிலோ பச்சைக் கினிப்புல். நாள்தோறும் 40 கிலோ புல் எங்கிருந்து வரும் என்பதற்கு விடை கிடைத்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள். வைக்கோலைக் கொண்டு இதை நிரப்ப முடியாது. மாட்டின் முன்வயிறு வைக்கோலை ஊறவைத்துப் பிரிக்கும். குதிரைக்கு அந்த வயிறு இல்லை, வெறும் வைக்கோல் குடலில் கட்டியாகும்.

இனி, நம் பகுதியில் மிக மெதுவாகவும் நிச்சயமாகவும் நடக்கும் தவறு. அரிசி ஆலைத் தவிடு மலிவு, குதிரையும் விரும்பித் தின்னும், உடம்பும் பிடிக்கும். ஆனால் தவிட்டில் பொஸ்பரஸ் மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. குதிரைக்குக் கல்சியம் பொஸ்பரசைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், ஒன்றரை முதல் இரண்டு மடங்கு என்பது நல்ல அளவு. போதாக்குறைக்குக் கினிப்புல், நேப்பியர் போன்ற வெப்பமண்டலப் புற்களில் ஒக்சலேற் உண்டு. அது புல்லில் இருக்கும் கல்சியத்தையும் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் ஒக்சலேற்றை உடைத்துவிடும் என்பதால் மாட்டுக்காரருக்கு இது தெரியவே வராது.

குறையும் கல்சியத்தைக் குதிரை தன் எலும்பிலிருந்து எடுக்கும். சில மாதங்களில் ஒரு நாள் ஒரு கால், மறுநாள் வேறு கால் என்று நொண்டும். பிறகு முகத்தின் இருபுறமும் எலும்பு தடித்து வீங்கும். வீக்கம் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

செய்ய வேண்டியது கடினமில்லை. தவிட்டை ருசிக்கு ஒரு கை என்ற அளவில் நிறுத்துங்கள். சுண்ணக்கல் மாவும் இருகல்சியம் பொஸ்பேற்றும் கலந்து நாள்தோறும் கொடுங்கள், அளவை எடையைச் சொல்லி வைத்தியரிடம் வாங்குங்கள். ஒரே புல்லைப் போடாமல் மாற்றிப் போடுங்கள். பூஞ்சணம் பிடிக்காத கச்சான் கொடி கிடைத்தால் காயவைத்துச் சேமியுங்கள், பயறின வகை என்பதால் அதில் கல்சியம் அதிகம். ஊறவைத்து அவித்த கொள்ளு சிறிதளவு நல்லது. வியர்வையில் உப்பு நிறையப் போவதால் கறியுப்பு இரண்டு மேசைக்கரண்டி அன்றாடம் சேர்க்க வேண்டும்.

பந்தய லாயத்தில் தானியம் அதிகம், புல் குறைவு. அதனால் இக்குதிரைகள் பலவற்றுக்கு வயிற்றுப் புண் இருக்கும். வயிறு நெடுநேரம் காலியாக இருக்கவிடாதீர்கள். காலை மாலை என இரு வேளை போட்டுவிட்டுப் போவது மாட்டுக்குச் சரி. குதிரைக்கு நாளில் நான்கைந்து தடவை, இரவுக்கும் புல். பழைய தீனிலிருந்து புதியதற்கு மாற்ற இரண்டு கிழமை எடுங்கள். அதற்காக லாயத்துத் தீன் சில மூட்டைகளையும் கேட்டு வாங்கிவாருங்கள்.

4. கொடுக்கவே கூடாதவை

கோழித்தீன் ஒரு பிடிகூட வேண்டாம். கோழிகளின் குருதிக் கழிச்சலைத் தடுக்கச் சேர்க்கும் மொனென்சின், சலினோமைசின் போன்றவை குதிரையின் இதயத் தசையை அழிக்கும். சில மாட்டுத்தீன்களிலும் மொனென்சின் உண்டு. கோழித்தீன் வாளியிலேயே குதிரைக்கும் அள்ளிப் போடும் பழக்கத்தையும் விடுங்கள்.

மாட்டு உண்ணிக்கு அடிக்கும் அமிட்ராஸ் குதிரையின் குடல் அசைவை நிறுத்திவிடும். மாட்டுக்குக் குத்தும் ஐவர்மெக்டின் ஊசியும் வேண்டாம், புழு மருந்தைக் குதிரைக்குரிய பசையாக வாயில் கொடுங்கள்.

வேலியோர இலைகளைப் பாருங்கள். இப்பில் இப்பில் தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் உதிரும். கிளிரிசிடியா ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆகும், குதிரைக்கு ஆகாது. அரளி சில கைப்பிடி போதும், உயிர் போகும். கோயிலுக்கென்று வளவில் அரளி வைத்திருப்பவர்கள் அதைக் குதிரை எட்டாத பக்கம் மாற்றுங்கள்.

மூங்கில் குழாயாலோ போத்தலாலோ எண்ணெய், மருந்து பருக்காதீர்கள். தலையைத் தூக்கி ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும்.

5. துணை

தனிக் குதிரை வேண்டாம். கூட்டத்தில் வாழும் விலங்கு தனியே நின்றால் வேலியோரம் ஓடி ஓடி இளைக்கும், தின்னாது. இரண்டாவது குதிரைக்கு வசதி இல்லாவிட்டால் அமைதியான ஒரு பசுவோ இரண்டு ஆடுகளோ போதும். குதிரை வருமுன் அவை அங்கே பழகி இருக்கட்டும். தீன் தொட்டிகள் மட்டும் தனித்தனி.

6. குதிரையைத் தெரிவு செய்தல்

ஏன் பந்தயம் விட்டது என்ற கேள்வியை உரிமையாளரிடமும், பயிற்சியாளரிடமும், தீன் போடுபவரிடமும் தனித்தனியே கேளுங்கள். மூன்றாமவரின் விடைதான் பெரும்பாலும் உபயோகமானது.

வேகம் போதாமல் விட்ட குதிரை நமக்கு முதல் தரம். முன்னங்காலின் பின்பக்கத் தசைநாண் ஒருமுறை பழுதாகி, ஆறி, இப்போது சூடில்லாமல் தடித்து மட்டும் இருந்தால் மெதுவான சவாரிக்கு அதை எடுக்கலாம். முழங்காலோ கணுவோ மூட்டுத் தேய்ந்த குதிரையை மணற்பாங்கான ஊருக்குக் கொண்டுவராதீர்கள். ஒவ்வொரு காலையும் கையால் தடவி மற்றதோடு ஒப்பிடுங்கள். கெட்டித் தரையில் நேராக நடக்கவிட்டுப் பாருங்கள். ஓடும்போது மூக்கில் இரத்தம் வந்ததா என்று கேளுங்கள்.

லாயத்தில் நிற்கும்போதும் கவனியுங்கள். மரத்தைக் கவ்விக் காற்று விழுங்குகிறதா, நின்ற இடத்தில் இடம் வலமாக ஆடிக்கொண்டே இருக்கிறதா? இவை அடைபட்டு வளர்ந்ததால் வந்த பழக்கங்கள். வெளியே விட்டால் குறையும், முற்றாகப் போகாது.

காயடிக்காத ஆண் குதிரையை முதல் குதிரையாக எடுக்காதீர்கள். எத்தனை சாது என்று சொன்னாலும் சரி.

7. எழுத்து

உறவுக்காரர் மூலம் வந்தாலும் எழுதி வாங்குங்கள். குதிரையின் அடையாளக் குறிகள், வயது, தெரிந்த பழுதுகள், போட்ட தடுப்பூசிகள் என எல்லாம் அதில் இருக்கட்டும். இனிப் பந்தயத்துக்கு விடுவதில்லை என்றும், உங்களால் வளர்க்க முடியாமல் போனால் யாரிடம் கொடுப்பது என்றும் எழுதுங்கள். அடையாளப் பத்திரம் இருந்தால் மூலத்தையே கேளுங்கள்.

8. பயணம்

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வெலிமடை, பதுளை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடியில் வந்து முடியும் ஏ5 வீதி சுமார் 200 கிலோமீற்றர். பாதிக்கு மேல் வளைவு. குளிரிலிருந்து கடல்மட்ட வெக்கைக்கு ஒரே நாளில் இறங்கும் பயணம் இது.

காலம் முக்கியம். என் எண்ணப்படி மாசி மாதமே சிறந்தது. மாரி ஓய்ந்திருக்கும், புல் பச்சையாக இருக்கும், கோடை தொடங்கியிருக்காது. சித்திரையில் பேசி முடித்து மாசி வரை லாயத்திலேயே நிறுத்த முடிந்தால், அந்தச் செலவு வீண் அல்ல. வைகாசியில் கொண்டுவந்தால் முதல் கிழமையே அம்மன் கோயில் சடங்கு மேளமும் ஒலிபெருக்கியும், அடுத்துக் கச்சான் காற்றும் சேர்ந்து வரும்.

எப்போது வந்தாலும் மாலையில் புறப்பட்டு இரவில் இறங்குங்கள். லொறித் தளத்தில் இறப்பர் விரிப்பும் அதன்மேல் உமியும் போடுங்கள். மாட்டு லொறியின் சரிவுப் பலகை பெரும்பாலும் செங்குத்தாக இருக்கும், நீளமானதாக வேறு செய்யுங்கள் அல்லது மண் திட்டியில் அணைத்து ஏற்றுங்கள். தலையை உயரக் கட்டவே கூடாது. மணிக்கணக்காகத் தலை குனிய முடியாமல் நின்றால் மூக்குச் சளி நுரையீரலுக்கு இறங்கிக் காய்ச்சல் வரும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். குடிக்காவிட்டால் காட்ட, லாயத்துத் தண்ணீரையே கலனில் கொண்டுவாருங்கள், வாசம் மாறியதால் மறுப்பதுண்டு.

9. முதல் மாதம்

வந்த மூன்று நாளும் காலை மாலை உடல் வெப்பம் பாருங்கள். 37.5 முதல் 38.5 பாகை சரி. ஓய்வில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. இவற்றைச் சுவரில் எழுதி வையுங்கள், நள்ளிரவில் நினைவு வராது.

உடனே பெரிய காணிக்குள் அவிழ்த்துவிடாதீர்கள். லாயத்தில் அடைந்து கிடந்தது திறந்த வெளியைக் கண்டதும் முழுப் பாய்ச்சலில் ஓடும், வேலியை அறியாது. சிறிய அடைப்பில் சில நாள், பிறகு துணை விலங்கோடு பெரிய இடம்.

வெக்கைக்குப் பழக இரண்டு மூன்று கிழமை ஆகும். இந்தக் காலத்தில் வியர்க்கிறதா என்று பாருங்கள். வியர்க்காமல், தோல் காய்ந்து, நிழலில் நின்றும் மேல்மூச்சு வாங்கினால் அது வியர்வை நின்றுபோகும் நோய். வெப்பமும் புழுக்கமும் சேர்ந்த ஊர்களுக்கு வரும் குதிரைகளில் இது வரும். வியர்க்காததை நல்ல உடல்நிலை என்று நினைப்பவர்கள் உண்டு. உடனே உடல் முழுதும் தண்ணீர் ஊற்றுங்கள், நிறுத்தாமல் ஊற்றுங்கள், காற்றுப்படும் இடத்தில் நிறுத்தி வைத்தியரை அழையுங்கள். சில குதிரைகள் இந்த ஊருக்குப் பழகவே மாட்டா. அப்படியானதை மலைநாட்டுக்குத் திருப்பி அனுப்புவதுதான் வழி, ஏழாம் பகுதியின் எழுத்து அதற்கும்தான்.

வாவிக்குக் கிழக்கே, கடலோர எழுவான்கரை மணலில் தீனைத் தரையில் போடாதீர்கள். புல்லோடு மணலும் போய்க் குடலின் அடியில் தங்கும், பிறகு குத்து வரும். அகலமான தொட்டியை இறப்பர் விரிப்பின் மேல் வையுங்கள். பாதி வாளித் தண்ணீரில் இரண்டு மூன்று சாணி உருண்டைகளைக் கரைத்துவிட்டு, தெளிந்ததும் அடியைத் தடவுங்கள். மணல் நெருடினால் வைத்தியரிடம் சொல்லி இசப்கோல் உமி கொடுக்கத் தொடங்குங்கள்.

வயிற்றுக் குத்தின் முதல் அறிகுறிகள் சின்னவை. தீனை விட்டு நிற்கும், விலாவைத் திரும்பிப் பார்க்கும், முன்னங்காலால் தரையைக் கீறும், சாணி போடாது. உருளத் தொடங்குமுன் அழையுங்கள்.

10. மாரி

ஐப்பசி முதல் தை வரை தரை காயாது. நாள்தோறும் குளம்பைச் சுரண்டி, நடுவிலுள்ள முக்கோண மென்பகுதி கறுத்து நாறுகிறதா என்று முகருங்கள். நாளில் சில மணி நேரமாவது உலர்ந்த தளத்தில் நிற்க வேண்டும். தேங்கிய வெதுநீரில் எருமை கிடக்கலாம், குதிரையை இறக்கக் கூடாது. அந்த நீரில் வாழும் பூஞ்சை போன்ற ஒரு கிருமி சிறு கீறல் வழியாகப் புகுந்து ஆறாத பெரும் புண்ணாகும். நுளம்புக்கும் ஈக்கும் அந்தியில் புகை போடலாம், ஆனால் கொட்டிலுக்கு வெளியே, காற்று மாறாத பக்கமாக.

11. ஏறுவது

குறைந்தது இரண்டு மாதம் ஏறாதீர்கள். தானியம் குறைந்து, தசை இளகி, மனம் அடங்க அது வேண்டும். இந்த இடைவெளியில் தரையிலிருந்து பழக்குங்கள்: நில், பின்னால் போ, தலையைத் தாழ்த்து.

குதிரை ஏறத் தெரிந்தவர்கள்கூடப் பந்தயக் குதிரையில் தடுமாறுவார்கள். நாம் நிறுத்தக் கடிவாள வாரை இழுக்கிறோம். ஓட்டத்தில் அது வாரின் இறுக்கத்தில் சாய்ந்துதான் ஓடிப் பழகியிருக்கிறது, இரு வாரையும் சேர்த்து இழுத்தால் இன்னும் வேகம் என்று எடுத்துக்கொள்ளும். இழுத்து விடுங்கள், மறுபடி இழுத்து விடுங்கள். ஒரு பக்க வாரால் வட்டமாகத் திருப்பி வேகத்தைக் குறையுங்கள். சவாரியாளரைத் தூக்கி ஏற்றிவிடுவதே அதற்குப் பழக்கம். படிக்கல்லில் நின்று ஒருவர் ஏறும்வரை அசையாமல் நிற்க அதற்குத் தெரியாது, அதைத் தனிப் பாடமாகப் பல நாள் சொல்லிக்கொடுங்கள்.

முதல் சவாரிகள் அடைப்புக்குள், காலை ஏழு மணிக்கு முன். பிறகு தெரு, பக்கத்தில் ஒருவர் நடந்துவர. முச்சக்கரவண்டி, உழவு இயந்திரம், வெடி என்று ஒவ்வொன்றாகத் தூரத்திலிருந்து காட்டுங்கள்.

பாசிக்குடாவிலோ அறுகம்பேயிலோ சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் எண்ணத்தோடு பலர் குதிரை எடுக்கிறார்கள். முதல் வருடத்தில் அது வேண்டாம். தெரியாத ஆளின் குதிகால் விலாவில் படும்போது என்ன செய்யும் என்று உங்களுக்கே அப்போது தெரிந்திருக்காது. நீங்கள் மட்டும் கடற்கரைக்குக் கொண்டுபோகலாம். அலை தொட்டுப் போன இறுகிய ஈர மணலில் மட்டும் நடக்கவிடுங்கள், உலர்ந்த பொதிமணல் பழைய தசைநாணை மறுபடி கிழிக்கும். வந்ததும் நன்னீரால் காலைக் கழுவி, குளம்புக்குள் மணலைத் தட்டி, தசைநாணைத் தடவிப் பாருங்கள். மறுநாள் காலை ஒரு கால் மற்றதைவிடச் சூடாக இருந்தால் ஏறாமல் நிறுத்தி, வைத்தியருக்குக் காட்டுங்கள்.